மருந்தை ஒழிக்கச் சொன்ன டாக்டர்

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவர் மலையாளம் பேசிச் சமாளித்துவிடுவார். எனக்கு அந்தப் பேச்சு பாதி தமிழ் மாதிரிக் கேட்கும். அந்தப் பாதியே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விளையாடும்போது எங்கள் சின்ன மகளின் கண்ணில் ஈர்க்குச்சி குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கருவிழியில் புண் என்று சொல்லி, ஒரு சின்னக் குப்பியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போர்க்காலம், மருந்துக்குத் தட்டுப்பாடு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மருந்தை விட்டாலே குழந்தை வீரிட்டு அழுவாள். கண் முன்னைவிடச் சிவந்துபோன மாதிரி இருந்தது. இந்த மருந்துதான் கண்ணைக் கெடுக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. கணவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி காட்டப் போக வேண்டிய நாளில் அவருக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் குழந்தையோடு போனேன். டாக்டர் மலையாளி. அறைக்கு வெளியே பெரிய கூட்டம். அவர் குழந்தையின் கண்ணைப் பார்த்தார், என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார். என் சந்தேகத்தை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

"ஈ மருந்து நல்லவண்ணம் ஒழிக்கணும், கேட்டோ? இல்லெங்கில் கண்ணு போகும். மனசிலாயோ?"

நன்றாகவே புரிந்தது. நான் நினைத்ததைத்தான் அவரும் சொல்கிறார்! பலமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

முற்றத்தில் ஒரு குழாயடி இருந்தது. மருந்து போனாலும் குப்பி வீணாகக் கூடாதே என்று, தக்கையைத் திறந்து மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சட்டென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஆஸ்பத்திரி ஆயா. நாஞ்சில் நாட்டுக்காரி, தமிழும் மலையாளமும் தெரிந்தவள்.

"ஏ பெண்ணே, என்ன காரியம் செய்யுதே? மருந்தையா கொட்டுதே?"

"டாக்டர்தான் ஒழிக்கச் சொன்னாவ. இல்லேன்னா கண்ணு போயிருமாம்."

அவள் குப்பியைப் பிடுங்கித் தக்கையை மூடினாள். பிறகு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

குப்பியில் பாதிக்கும் கீழேதான் மருந்து இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டருடைய முகம் மாறியது. வசவுக்குத் தயாராகிக் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆயா அதைத் தமிழில் சொன்னாள்.

"அவரு சொன்னது உனக்கு எப்படிக் கேட்டுதுன்னு கேக்காரு."

சொன்னேன். என் சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னேன். ஆயா என் பக்கம் திரும்பினாள்.

"இங்க ஒழிக்கதுன்னா ஊத்துகதாக்கும். கண்ணுல விடச் சொல்லியிருக்காரு, மோளே."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மருந்து கொடுக்கும் இடத்தில் விசாரித்து வர டாக்டர் ஆயாவை அனுப்பினார். கையிருப்பு இல்லை என்று பதில் வந்தது. இருப்பதை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் விட்டால் புது மருந்து வரும்வரை தாங்கும் என்றார். எரிச்சல் புண்ணால் வருவது, சிவப்பு தானாகக் குறையும் என்றும் ஆயா மூலம் விளக்கினார். பிறகு, நான் வீட்டில் என்ன செய்யப்போகிறேன் என்பதை என் வாயாலேயே சொல்ல வைத்தார். அவர் எதிரிலேயே குழந்தையின் கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கண் பிழைத்தது. கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். அடுத்த முறை நாங்கள் போயிருந்தபோது டாக்டர் ஒரு கிழவரிடம், "வீட்டில் போயி எந்து செய்யும்? பற" என்று, வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்பதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி முன்பே அவர் வழக்கமா, எங்களால் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

பின்னாளில் திருவனந்தபுரத்திலேயே கரமனையில் சில பெண்களுக்கு நான் தையல் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை விளக்கினாலும் யாராவது ஒருத்தி துணியைத் தப்பாக வெட்டிவிடுவாள். கோபம் வாய்வரை வரும். ஆனால் நான் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டது என்று முதலில் கேட்டுவிடுவேன். பாதி நேரம் தவறு என் பேச்சிலேயே இருக்கும். 'ஏன் கொட்டினாய்?' என்று மட்டும் அந்த டாக்டர் அன்று கேட்டிருந்தால், நான் அழுதிருப்பேனே தவிர, என் மகளின் கண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவர் மனசிலேயே நின்றுபோயிருக்கும்.