சும்மா போன எக்ஸில்டா

எக்ஸில்டா மலாமாவுக்கு மூட்டை கட்டத் தெரிந்தது ஒரே விதத்தில்தான். பாயைச் சுருட்டி, அதன்மேல் கம்பளியைச் சுற்றி, கயிற்றால் இரண்டு கட்டு. பையில் மாற்றுக்கு இடுப்புத் துணி இரண்டு, எனாமல் தட்டு ஒன்று, முழங்கால் தைலம். முப்பது வருஷமாக அவள் வெளியூர் போனதெல்லாம் சாவுக்கு. அடக்கம் முடியும்வரை பெண்கள் சாவு வீட்டுத் தரையில்தான் படுப்பார்கள், அதற்கான மூட்டை இது. கல்யாணத்துக்கும் இதையேதான் கட்டினாள், ஏனென்றால் கல்யாண வீட்டிலும் அவள் படுத்தது அடுப்படித் தரையில்.

லுவான்ஷியா என்ற சுரங்க ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. சுரங்கத்தில் வேலை பார்த்த புருஷன் போய் ஒன்பது வருஷம். மகள் லோம்பேயைக் கிட்வேயில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஊரில் அவளுக்கு லோம்பே அம்மா என்றுதான் பெயர்.

அவள் கைக்கு ஒரு புகழ் உண்டு. நூறு பேருக்கு மக்காச்சோளக் களி கிண்டினாலும் ஒரு கட்டி விழாது. ஆகவே அந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் துடுப்பு அவள் கையில். எல்லாரும் தின்று முடித்த பிறகு பானை அடியில் ஒட்டியதைச் சுரண்டி, ஆறிப்போனதைத் தின்பாள். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் முடிந்தால் துடைப்பத்தைக் கீழே வைக்கலாம். அதற்குச் சங்கம் போராடியது. குடும்பத்துக்கு அப்படி ஒரு சங்கத்தை இதுவரை யாரும் வைக்கவில்லை.

அவள் துடைக்கும் வார்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஒரு ஏரிக்கரை. கீழே மத்தேமா, தான்சானியா என்று அச்சடித்திருந்தது. வருஷம் தீர்ந்தும் படம் அழகாக இருக்கிறதென்று யாரும் கழற்றவில்லை. நான்கு வருஷம் அதன் கீழே ஈரத்துணி போட்டாள்.

தம்பி மகனுக்கு அதே தான்சானியாவில், ம்பேயா ஊரில், பெண் பார்த்ததும் கணக்குப் போட்டாள். கல்யாணம் சனிக்கிழமை. வாடகை வேனில் குடும்பம் வெள்ளிக்கிழமை வந்து சேரும். மத்தேமா அங்கிருந்து ஒரு பகல் தூரம். தங்கை அஸ்ட்ரிடாவிடம் போனில் சொன்னாள்: "நான் திங்கக்கிழமையே தனியா போறேன்டி."

"ரொம்ப நல்லதாப் போச்சுக்கா! முன்னாடியே போனாத்தானே பானை, விறகெல்லாம் பாத்து வைக்க முடியும்."

எக்ஸில்டா வாயைத் திறந்தாள். மூடினாள். அவ்வளவுதான் நடந்தது. இந்தக் கதையின் வினை அங்கேதான் ஆரம்பம்.

கப்பிரியில் விடிகாலை பஸ். கம்பளி மூட்டையைப் பார்த்ததுமே கண்டக்டர் குரலைத் தாழ்த்தினான்.

"எங்கம்மா சாவு?"

சாவு இல்லை, ஏரி பார்க்கப் போகிறேன் என்று சொல்லவேண்டும். ஒரு விதவை, வார்டு கூட்டுகிறவள், தனியாக, ஏரி பார்க்க. அவள் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

"மத்தேமாவுல," என்றாள்.

"முன் சீட்ல உக்காருங்க. டேய், அந்தப் பாட்ட நிறுத்து! சாவுக்குப் போறவங்க இருக்காங்க."

பக்கத்துச் சீட்டில் ரோடா என்றொரு பெரிய உடம்புக்காரி. எல்லை தாண்டி அரிசி வாங்கி வந்து விற்கிறவள். வண்டி நகர்வதற்குள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

"வயசு?"

"அம்பத்திரண்டு." யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஐயோ, சாகற வயசா இது! என்ன சீக்கு?"

"சீக்குன்னு ஒண்ணும் இல்ல. அலுப்பு."

"அலுப்புல சாவாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

ரோடா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சர்ச் பாட்டை எடுத்தாள். பின்சீட்டில் இருந்தவர்கள் அடிக்குரல் சேர்த்தார்கள். எக்ஸில்டா துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். துக்கம் என்று நினைத்தார்கள். வெட்கம். ஆனால் அந்த வெட்கத்திலேயே தூங்கிப்போனாள். ம்பிகாவில் வண்டி நின்றபோது வறுத்த கடலையும் சூடான டீயும் மடிக்கே வந்தன. இந்த வயதில் ஒருத்தர் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுக்க ஒரு சாவு தேவைப்பட்டது.

சாயங்காலம் எல்லை ஊர் நக்கோண்டே. இறங்கியதும் ரோடா கம்பளி மூட்டையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"குடும்மா, நான் தூக்கிக்கிறேன்," என்றாள் எக்ஸில்டா.

"நீ எதுக்குத் தூக்கற? ராத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கிட்டு நாளைக்கு உன்னை மத்தேமாவுல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் மறுவேலை. சாவு வீட்டு வாசல்ல ஒருத்தி தனியா போய் நிக்கறதா? நாங்க எதுக்கு இருக்கோம்? அரிசி எங்க ஓடிடப் போகுது."

நாளை இந்த நல்ல மனுஷி ஏரிக்கரையில் நின்று பிணம் எங்கே என்று கேட்பாள்.

எல்லை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "எதுக்குப் போறீங்க?"

"சாவுக்குப் போறாங்க சார்," என்றாள் ரோடா. "பாவம், சீக்கிரம் விடுங்க."

அதிகாரி முகம் இளகியது. முத்திரையை எடுத்தார்.

"சாவு இல்ல," என்றாள் எக்ஸில்டா.

"என்னது?"

"யாரும் சாகல. சனிக்கிழம ஒரு கல்யாணம். அதுக்கு முன்னாடி நாலு நாள்... சும்மா போறேன்."

"சும்மான்னா? வியாபாரமா? சொந்தக்காரங்கள பாக்கவா? வைத்தியமா? ஃபாரத்துல ஒண்ணு காட்டணும்ல."

"ஏரியப் பாக்கணும் சார். உக்காந்து பாக்கணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். கடைசியில் உல்லாசப் பயணம் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். தன் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையைப் பார்க்க எக்ஸில்டாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ரோடா மூட்டையைத் தொப்பென்று போட்டாள். "எங்க எல்லாரையும் அழ வச்சியே! தொண்ட வத்தப் பாடினோமே! அப்ப அந்த அம்பத்திரண்டு வயசுக்காரி யாரு?"

"நான்தான்."

ரோடா முறைத்தாள். "நீ இன்னும் சாகலையேடி."

"இல்ல."

"அப்ப நட." ஐந்தடி போனவள் திரும்பி வந்தாள். "அந்தக் கம்பளிய ஒரு கோணிக்குள்ள போட்டுக் கட்டு. இல்லன்னா தான்சானியாக்காரங்களும் பாட ஆரம்பிச்சிடுவாங்க. அவங்க நிறுத்தவே மாட்டாங்க." சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் வேன் மாற்றி வேன் ஏறி மத்தேமா போய்ச் சேர்ந்தாள். ஏரி காலண்டரில் இருந்ததைவிடப் பெரியது, நிறம் அவ்வளவு நீலம் இல்லை. தங்கிய விடுதிக்காரி துலினாக்வே ஒரு காலத்தில் நக்கோண்டேயில் மீன் விற்றவள், எக்ஸில்டாவின் மொழியான பெம்பாவை அரைகுறையாகப் பேசுவாள். புதன்கிழமை காலையில் அவள் எழுந்து பார்த்தால் முற்றம் முழுக்கக் கூட்டியிருந்தது. வந்த விருந்தாளி துடைப்பத்தோடு நின்றாள்.

"இங்க கூட்டறதுக்கு ஆள் இருக்கும்மா. அவ வேலையப் பறிக்கறியா?"

இந்தக் கேள்வி எக்ஸில்டாவுக்குப் புரிந்தது. துடைப்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க மறுத்தது. மதியத்துக்குள் துணியைத் துவைத்தாள், துவைத்ததை மறுபடி துவைத்தாள். பயணம் போனால் மனசு விரியும் என்று சொல்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் விரியவில்லை. முதுகு வலித்தது. பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாள். இத்தனை அலுப்பு தன் உடம்பில் இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மழை. துலினாக்வே சோறும் மீனும் கொண்டுவந்து வைத்தாள். எக்ஸில்டா வழக்கம்போல மற்றவர்கள் தின்று முடிக்கக் காத்திருந்தாள். மற்றவர்கள் யாரும் இல்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள், நாக்கு சுட்டது. சாப்பாடு நாக்கைச் சுடும் என்பதையே மறந்திருந்தாள். ஊதி ஊதித் தின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ம்பேயாவில் கல்யாண வீட்டு வாசலில் நின்றாள். வேன் வந்தது. அஸ்ட்ரிடா முதலில் குதித்தாள். கையில் அந்தப் பெரிய மரத்துடுப்பு.

"அக்கா! உன் துடுப்ப மறக்காம எடுத்துட்டு வந்துட்டேன் பாரு. பொண்ணு வீட்டுக்காரங்க சோறு போடுவாங்களாம், நம்ம ஆளுங்களுக்குக் களி இல்லாம இறங்குமா? பானை எங்க? விறகு எங்க?"

"பாக்கல."

"பாக்கலையா? நாலு நாளா என்ன பண்ண?"

வேனிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் நின்றார்கள். லோம்பே முன்னால் வந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். "உடம்பு சரியில்லையாம்மா? முட்டி வலியா?"

நல்ல சாக்கு. மகளே தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பாயைப் போட்டுப் படுக்க வைப்பார்கள், கஞ்சி கொடுப்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாவும் சீக்கும் இவளுக்கு வாங்கிக் கொடுக்கிற லீவு இது. எக்ஸில்டாவுக்கு முழங்கால் வலித்தது உண்மைதான். அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்தது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஏரி பாத்தேன். நாளைக்கு நான் அடுப்புப் பக்கம் வரல. நாற்காலியில உக்காரப் போறேன்."

"எதுக்கு?" என்றாள் அஸ்ட்ரிடா.

"சும்மா."

"மாப்பிள்ளையோட பெரிய அத்தை சும்மா உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"பெரிய அத்தை உக்காந்திருக்கான்னு சொல்லுவாங்க."

தம்பி மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்தான். தங்கை முகம் கறுத்துப்போனது. துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே போனாள், ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அக்காவோடு பேசவில்லை. அந்த வீட்டுக்கு எக்ஸில்டா புதிய ஆளாக ஒன்றும் ஆகிவிடவில்லை. எரிச்சலாகத்தான் ஆனாள். யாரோ ஒருத்தி முதலில் எரிச்சலாக ஆகவேண்டியிருக்கிறது.

மறுநாள் பந்தலில் இரண்டாம் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தே பழகாத முதுகு அதிலும் வலித்தது. அடுப்படியிலிருந்து அஸ்ட்ரிடாவின் அதட்டல் கேட்டது, மாவு கருகும் வாசனை வந்தது. இரண்டு தடவை அவள் கால் தானாக எழப்பார்த்தது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள்.

லோம்பே தட்டோடு வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கையெல்லாம் மாவு. "நானும் சித்தியும்தான் கிண்டினோம். திட்டாதம்மா. கட்டி கட்டியா இருக்கு."

"இருக்கட்டும். நீ எப்ப சாப்பிடப்போற?"

"எல்லாரும் முடிக்கட்டும்."

எக்ஸில்டா பக்கத்து நாற்காலியை இழுத்தாள். "உக்காரு. ஆறிடும்."

லோம்பே அடுப்படிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். ஒரே தட்டில் இருவரும் கை வைத்தார்கள். களியில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டிகள், உள்ளே வேகாத மாவு. ஆனால் விரலைச் சுட்டது.