வீட்டில் இல்லை

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஆனால் இது என் கையால் நடந்த பிழை. நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

போர் முடிந்து, முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்திருந்தோம். என் வீட்டில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. தகரமும் மேலே விரிக்கத் தறப்பாளும் தந்தார்கள். கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். பிறகு ஒரு நிறுவனம் கல்வீடு கட்டித் தர வந்தது. எல்லோருக்கும் ஒரே தடவையில் இல்லை. யாருக்கு முதலில் என்று தீர்மானிக்கக் குடும்ப விவரம் கேட்டு ஒரு படிவம். என்னுடைய எழுத்து உருண்டையாக இருக்கும் என்று எங்கள் கிராம அலுவலர், விதானையார், என்னை எழுதச் சொன்னார். பாலர் பாடசாலையில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து எழுதினேன்.

"ஆண்டவர் உமக்கு வாயிலை வைக்க வேண்டியதையும் சேர்த்துக் கையிலை வைச்சிட்டார்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த படிவத்தை எடுத்தேன்.

மத்தியானம் போல ஒரு அக்கா வந்தார். ஊரின் மற்றக் கரையில் இருப்பவர். கோயிலில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. கடற்கரை வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடுகிறவர். கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனாலும் முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது.

"வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"அவர் கடலோடை போயிட்டார். சண்டைக்கு முந்தியே."

"பிள்ளைகள்?"

"ஒரு மகன்."

"மகன்...?"

"இல்லை, பிள்ளை."

காலையிலிருந்து அந்தச் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தகப்பன் இல்லை, மூத்தவள் இல்லை, கைக்குழந்தை இல்லை. எல்லாம் செத்துப்போனவர்கள். படிவத்தில் 'இருக்கிறார்', 'இறந்தார்' என்று இரண்டு கட்டங்கள். 'இல்லை' என்றால் என்ன மாதிரி இல்லை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அக்கா அழுதுவிடுவாரோ என்று பயம். அதைவிடக் கூச்சம். இறந்தார் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து நிறுவனத்து மிஸ் மன்னாரிலிருந்து வந்தார். கையொப்பம் வாங்கும் முன் ஒவ்வொருவருக்கும் படிவத்தை வாசித்துக் காட்டினார். அக்காவின் முறை வந்தது.

"மகன், இறந்தார்."

அக்கா கையிலெடுத்த பேனையை மேசையில் வைத்தார். "ஆர் சொன்னது?"

மிஸ் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் 'இல்லை' எண்டுதானே பிள்ளை சொன்னனான்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது.

சண்டையின் கடைசி நாட்களில் தாயும் மகனுமாக நடந்து வந்திருக்கிறார்கள். பெயர் பதிந்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் மகனை வேறு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். யன்னலால் அவன் கை காட்டியது வரை அக்கா கண்டவர். இது என்னைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிஸ் நல்ல பிள்ளை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா, இப்பிடியே இருந்தால் நீங்கள் தனிச்ச ஆள். முதல் லிஸ்டிலை வருவீங்கள். மகன் இருக்கிறார் எண்டு போட்டால் உழைக்கிற ஆம்பிளை உள்ள வீடெண்டு கடைசிக்குப் போயிடும்."

"காணாமல் போனவர் எண்டு போடேலாதோ?" என்று விதானையார் கேட்டார்.

"அதுக்குக் கட்டம் இல்லை, ஐயா."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "அக்கா, உது வெறும் கடுதாசி. கடுதாசியிலை போட்டால் பெடியன் செத்துப்போவானோ? மாரி வருது. உங்கடை தகரத்து ஓட்டையாலை வானம் தெரியுது."

"தெரியட்டும்" என்றார் அக்கா. "அவன் வந்து, என்னைச் சாகக் குடுத்தோ அம்மா வீடு கட்டினனீங்கள் எண்டு கேட்டால், நீ வந்து பதில் சொல்லுவியோ?"

அக்கா படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ போட்டதை நீயே வெட்டு, பிள்ளை."

வெட்டினேன். கோடு பக்கத்துக் கட்டம் வரை போய்விட்டது. பிறகு, முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"என்னெண்டு எழுதுறது, அக்கா?"

"வீட்டிலை இல்லை எண்டு எழுது."

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், 'வீட்டில் இல்லை' என்று எழுதினேன். உருண்டை எழுத்தில்தான். மிஸ் அதை வாசித்துப் பார்த்தார். அப்புறம், வெட்டிய இடத்தில் அக்காவின் கையொப்பம் வேண்டும் என்றார். அக்கா தன் பெயரை முழுதாக எழுதினார். கீழே மகனுடைய பெயரையும் எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் பட்டியலில் என் பெயர் வந்தது. அக்காவின் பெயர் வரவில்லை. ஆனால் அது பிந்தி நடந்தது.

கையொப்பம் வைத்த மறுநாள் விடியவே மழை தொடங்கிவிட்டது. அக்கா வாடிக்குப் போகிற வழியில் என் கொட்டில் வாசலில் நின்று, பழைய தறப்பாள் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று கேட்டார். கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.