தோல் ஷாப்பின் மேல் போட்ட பழி

எங்கள் ஆம்பூர்த் தெருவுக்குப் பின்னால் தோல் ஷாப்பு இருக்கிறது. தோலை ஊறவைத்துப் பதம் பண்ணுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் பாட்டுக்குச் சோறு தின்போம். அதில் ஒரு வசதியும் உண்டு. பால் திரிந்தாலும் சரி, சாக்கடை அடைத்துக்கொண்டாலும் சரி, பழி ஷாப்பின் மேல்தான்.

என் பல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் கட்டினது இல்லை. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் கத்தரிக்கோலைத் தேடமாட்டேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த ஜோடியை எடுப்பேன். இப்போதும் பிரியாணியில் நல்ல எலும்பு வந்தால் என் தட்டுக்குத்தான். இந்த வயதில் இப்படிப் பல் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே தெருவைச் சலிக்க வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம் என் கொள்ளுப்பேத்தி வரமாட்டேன் என்றது.

வேலூரில் வாழ்க்கைப்பட்ட பேத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அது தூரத்திலிருந்து என்னைப் பார்த்து நன்றாகத்தான் சிரித்தது. வாங்கி மடியில் வைத்து, "என் ராசாத்தி" என்று முகத்தோடு முகம் வைத்தேன். அவ்வளவுதான். மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிக்கொண்டு ஒரே அழுகை.

"ஷாப்பு நாத்தம்டி. புள்ளைக்குப் பழக்கம் இல்ல" என்றேன்.

"ஆமா ஆயா" என்றாள் பேத்தி, என் முகத்தைப் பார்க்காமல்.

வேலூருக்கே போய்விட்டால் குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல புடவையை உடுத்தி, பஸ் ஏறினேன். பேத்தி வீட்டுப் பக்கம் ஷாப்பு ஏது? ஜன்னலில் நல்ல காற்று. ஆசையாகத் தூக்கிக் கொஞ்சினேன். அதே சுளிப்பு, அதே அழுகை.

"பொடவையில ஒட்டிக்கினு வந்துருக்கும் ஆயா" என்றாள் பேத்தி. என் மனசு நோகக் கூடாது அவளுக்கு.

திரும்பி வந்து அந்தப் புடவையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாயம்மா வந்தாள். அவளும் நானும் வாடி போடி சிநேகிதம்.

"இன்னாடி, கிழிச்சிட்டுதான் விடுவியா அத?"

விஷயத்தைச் சொன்னேன். இருக்கிற காலத்துக்குள் அந்தக் குழந்தை ஒருமுறை என் தோளில் சாயாதா என்றிருந்தது.

அவள் யோசித்தாள். "வேலூர்ல ஏதுடி ஷாப்பு? இன்னிக்கு இங்கயும் லீவு, மெஷினே ஓடல. கிட்ட வா. ஊது."

ஊதினேன்.

"யா அல்லா! ஷாப்பு உன் வாய்லதாண்டி இருக்கு!"

"உன் வாய் மட்டும் அத்தரா?"

"மோந்து பாரேன்!"

பார்த்தேன். வேளாவேளைக்குத் தொழுகைக்கு முன்னால் வாய் கொப்பளிக்கிறவள், மிஸ்வாக் குச்சியால் பல் தேய்க்கிறவள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"இத்தினி நாளா ஏண்டி சொல்லல?"

"நானும் ஷாப்புன்னுதாண்டி நெனச்சினு இருந்தேன்!"

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் அவளே என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் சின்னப் பெண். "பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு ஆயா" என்றதும் பாயம்மாவைப் பெருமையாகப் பார்த்தேன். டாக்டர் முடிக்கவில்லை. "ஆனா வாசலை மட்டும் பெருக்கி வச்சிருக்கீங்க. பின்கட்டுப் பக்கம் போனதே இல்ல போல."

உண்மைதான். காலையில் பல்பொடியை விரலில் தொட்டு முன்பல்லில் நாலு இழுப்பு, அதோடு சரி. பல்லின் பின்புறம், கடைவாய், நாக்கு எதையும் தொட்டதில்லை. ராத்திரி காபி குடித்து அப்படியே படுத்துவிடுவேன். கம்பெனியில் மிஷினைத் துடைக்காமல் ஒருநாளும் எழுந்ததில்லை. ஷூவிலிருந்து மிஷினில் ஒட்டுகிற பசை ஒரு ராத்திரி காய்ந்தால் கல்லாகிவிடும் என்று பக்கத்து மிஷின்காரிக்கும் சொல்லித் தந்தவள் நான். வாயும் அப்படித்தான் என்று தோன்றவே இல்லை.

டாக்டர் படிந்திருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தாள். இப்போது காலையிலும் படுக்கும் முன்பும் மெத்தென்ற பிரஷ்ஷால் அவசரப்படாமல் தேய்க்கிறேன். ஈறோரம், பின்பக்கம் ஒன்றும் விடுவதில்லை. நாக்கை வழிக்கிறேன். எது தின்றாலும் கொப்பளிக்கிறேன். வாய் காயவிடாமல் தண்ணீர் குடிக்கிறேன். நூலைக் கடிப்பதையும் டாக்டர் சொன்ன பிறகு விட்டேன். முதலில் ஈறில் கொஞ்சம் ரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சோற்றின் ருசிகூட ஜாஸ்தியானது போல இருக்கிறது.

போன வாரம் பேத்தி வந்தாள். அன்றைக்கென்று பார்த்து ஷாப்பில் வேலை மும்முரம், காற்றும் எங்கள் பக்கம். எனக்கே மூக்கு எரிந்தது. குழந்தையை வாங்கினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோகப் பயந்து தள்ளியே வைத்திருந்தேன். அதுவே என் கன்னத்தைப் பிடித்து இழுத்தது. வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தது. பிறகு, புதிதாக முளைத்த இரண்டு பல்லால் என் மூக்கை ஒரு கடி!

"கடிக்கட்டும்டி, வலிக்கல" என்றேன். நன்றாகவே வலித்தது.

எச்சில் ஒழுக என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கியும்விட்டது.

"கதவைச் சாத்தவா ஆயா? நாத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றாள் பேத்தி.

"தெறந்தே இருக்கட்டும்" என்றேன்.