சீசன்காரர்களுக்கு ஆகாத வீடு

வாடகைக்குக் குடியிருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளத்தை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். நேர்முகப் பரீட்சை உண்டு, மேலதிகாரி உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வரும் இடமாற்றம் உண்டு. நுவரெலியாவில் இந்த உத்தியோகம் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஏப்ரல் மாதமும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரலில் கொழும்பு வெந்து போகும். அங்கே இருப்பவர்கள் குளிர் தேடி இங்கே ஏறி வருவார்கள். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, வாவியில் படகு என்று ஊர் அமளிப்படும். ஹோட்டல்கள் நிரம்பி வழிய, நாலு சுவரும் ஒரு கூரையும் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதைச் சீசன்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். அங்கே ஏற்கனவே குடியிருக்கும் நாம் இரண்டு வாரம் எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும்.

என் கணவர் சிவா ஹோட்டல் சமையல்காரர். ஊரில் யார் எங்கே போனாலும் ஏப்ரலில் அவரால் அடுப்பை விட்டு நகர முடியாது. சித்திரை வருஷப்பிறப்பும் அதே மாதத்தில்தான் வந்து தொலைக்கிறது. எங்கள் மகள் கவிஷா பிறந்ததிலிருந்து ஒரு வருஷப்பிறப்புக்குக்கூட அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரே ஒரு சித்திரைக்காவது எங்கள் அடுப்பில் பால் பொங்கி, மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. அந்த வெறியில் நான் பட்டதையும் வென்றதையும் கீழே எழுதுகிறேன். வாடகைக்கார ஜனங்களே, உங்களுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும்.

உறவுக்காரர் படை

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்ததும் டவுனில் வீடு தேடினோம். முதல் வீட்டின் சொந்தக்காரர் பென்ஷன் வாங்கிய மாஸ்டர் ஒருவர். நாற்காலியில் உட்கார்ந்து என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். எந்தத் தேயிலைத் தோட்டத்து ஆள் என்றார். உடப்புசல்லாவைப் பக்கம் என்றேன். முகம் சுருங்கியது. தோட்டத்து ஆட்களுக்கு டவுனில் வீடு கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், சாமான் வாங்க வருகிறவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் படுப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உறவு அவ்வளவாகக் கிடையாது என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

குடிவந்த அன்று காலையில் வாசலில் லொறி வந்து நின்றது. அதிலிருந்து என் இரண்டு மாமாமார், சின்னம்மா, அவர் பிள்ளைகள், தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பிரா வீட்டு ஆட்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாமான் கொஞ்சம், ஆள் நிறைய. மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

சாமானை இறக்கி முடித்த மாமாமாருக்கு மூக்கில் நாற்றம் அடித்தது. மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் கான் அடைத்து, மாதக்கணக்கில் அழுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? மண்வெட்டி கேட்டார்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் சலசலவென்று ஓடியது. நான் சொன்ன பொய்யைப் பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லொறி புறப்படும்போது மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கூரையிலயும் ஒரு இடத்துல ஒழுகுது. இவங்க அடுத்த தடவை எப்ப வருவாங்க?"

பிஸ்கட் டின்

மார்ச் மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பிஸ்கட் டின்னோடு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாஸ்டரும் வந்தார். மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், என் சாம்பாரைப் புகழ்ந்தார். பிறகு, "எப்பிடியும் சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போவீங்கதானே?" என்றார். போகமாட்டோம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

நானும் மகளும் உடப்புசல்லாவைக்குப் போனோம். சிவா ஹோட்டலில் துணி துவைக்கும் அறையில் படுத்தார். வருஷப்பிறப்பன்று வீடியோ கோலில் மகள் தன் தட்டைக் காட்டினாள். அவர் பெரிய சட்டியைக் காட்டினார். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புகை என்று சொல்லிக்கொண்டு.

திரும்பி வந்தால் எங்கள் வீடு எங்களுடையதாக இல்லை. தலையணையில் யாரோ பூசிய சென்ட் வாசனை. கட்டிலுக்கடியில் யாரோ காலில் போட்டுக் கழற்றிய ஒற்றைச் சப்பாத்து. என் நல்ல சட்டியின் அடியைத் தீய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வருடமும் இதே கதைதான். அந்த முறை பொறுக்க முடியாமல் மாஸ்டரிடம் போய், யார் யாரோ படுத்த தலையணையில் நாங்கள் எப்படிப் படுப்பது என்று கேட்டேன். மாஸ்டர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "அப்பிடிச் சொல்லாதீங்க. தலகாணி ரொம்ப சொகமா இருந்திச்சின்னு அவங்க போகும்போது சொல்லிட்டுத்தான் போனாங்க."

வ்யூ வேண்டாம்

அன்றைக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நல்ல வீடு தேடினால் அது சீசன்காரர்களுக்கும் நல்ல வீடுதான். ஆகவே அவர்கள் திரும்பியும் பார்க்காத வீட்டைத் தேட வேண்டும். நான் வேலை செய்யும் புடவைக்கடைக்கு எதிரே த்ரீவீல் நிறுத்தும் நிமலிடம் சொன்னேன். வண்டி ஓட்டத்துக்கு நடுவே வீடு பார்த்துக் கொடுப்பதும் அவன் தொழில். சிங்களப் பையன், தமிழ் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவான்.

நிமல் முதலில் வாவி தெரியும் வீட்டைக் காட்டினான். வேண்டாம் என்றேன். பிறகு ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை தெரியும் வீடு. அதுவும் வேண்டாம். மூன்றாவதில் வாசலில் ரோஜா, குளியலறையில் சுடுதண்ணீர், கார் நிறுத்த இடம். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன். நிமல் எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "அக்கே, கோவிச்சிக்காதீங்க. உங்களுக்கு வீடு வேணுமா, இல்ல சிவா அண்ணன் கூடச் சண்டையா?"

கரட் கழுவும் இடம்

கடைசியில் கிடைத்த வீடு ஒரு மாணிக்கம். மெயின் ரோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும், வண்டி வராது. பக்கத்து வளவில் மரக்கறிச் சந்தைக்குப் போகும் கரட் கழுவுகிறார்கள். விடிவதற்குள் மோட்டார் அலறும். ஜன்னலைத் திறந்தால் சுவர். முன் வீட்டில் சொந்தக்காரி மிஸ்ரியா தாத்தா இருந்தார். பின் வீடுதான் வாடகைக்கு. இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் சொல்வார்கள், எங்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. மிஸ்ரியா தாத்தா, கணவர் இறந்து, ஒரே மகன் கட்டாரில் வேலை செய்ய, தனியாக இருப்பவர்.

அவருக்கு என் சந்தோஷம் சந்தேகமாக இருந்தது. வாடகையைக் குறைக்கச் சொல்லி நான் வாதாடவில்லை; ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டேன். ஏப்ரலில் எங்களை வீட்டைவிட்டு எழுப்பக் கூடாது. தாத்தா வாய்க்குள் இருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். "இந்த வீட்டுக்கு சீசன் ஆள் வாறதா? பேய்கூட ஒரு தரம் எட்டிப் பாத்திட்டுப் போயிரும் புள்ள."

ரோட்டு வந்தது

நம் ராசிதான் தெரியுமே. நாங்கள் குடிவந்த ஆறு மாதத்தில் கரட் லொறிகள் இறங்குவதற்காகக் கொங்கிரீட் ரோட்டுப் போட வந்துவிட்டார்கள். ஒழுங்கையில் இருந்த வீடுகளெல்லாம் கொண்டாடின. வேலைக்காரர்களுக்குத் தேத்தண்ணீர் என்ன, பணிஸ் என்ன. கரட் முதலாளியும் புது மோட்டார் வாங்கிப் பூட்டினார். அது பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. ஒரு நாள் கடைவிட்டு வரும்போது எங்கள் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது. கார் தாராளமாக வரும். நான் கையில் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. மட்டப்பலகையோடு குந்தியிருந்த மேசன் எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "எந்த எடத்துல மேடு பள்ளம் தெரியுது தங்கச்சி, சொல்லுங்க, காயிறதுக்குள்ள தேச்சி விட்டுர்றேன்."

தாத்தா வாசலில்

மார்ச் பிறந்தது. ஒரு சாயங்காலம் தாத்தா எங்கள் வாசலில் நின்றார். கையில் தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்டுச் செய்த வட்டிலப்பம். எனக்கு மாஸ்டரின் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தவர் நேரே விஷயத்துக்கு வந்தார். ரோட்டைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் மகனுக்குக் கட்டாருக்கே கோல் எடுத்து, பின் வீட்டைச் சீசனுக்குக் கேட்டிருக்கிறார். மகன் பிடிவாதமாக இருக்கிறான். "நான் வாக்குக் குடுத்தது உண்மைதான்" என்றார் தாத்தா. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

மகள் வீட்டுப்பாடக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக மாஸ்டருக்கு முன்னால் வராத வாய் அப்போது எனக்கு வந்தது. "நாங்க போகமாட்டோம் தாத்தா" என்றேன். "சீசனுக்கு விடுறதுன்னா முன் வீட்ட விடுங்க. அதுலதான் ஜன்னலுக்கு மலை தெரியுது, சுடுதண்ணி இருக்கு. இந்தப் பின் வீட்டுக்குக் குடுக்கிறதவிட ரெண்டு மடங்கு குடுப்பாங்க. மகனும் சந்தோஷப்படுவாரு. நீங்க ரெண்டு வாரமும் எங்களோட இருங்க."

தாத்தாவின் முகம் சிவந்தது. தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் தானே தங்குவதா என்று அவர் நினைப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. எழுந்து வாசல் வரை போனார். போனவர் திரும்பி வந்து, எங்கள் அறைக்குள் தலையை நீட்டி, இருக்கிற இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொல்றன் புள்ள, எனக்குச் சுவரோரமாத்தான் நித்திரை வரும்."

வருஷப்பிறப்பு

வந்தார். தலையணை, தன் கேத்தல், தான் சாப்பிடும் பீங்கான், தொழுகைப் பாய் எல்லாவற்றோடும் வந்தார். முன் வீட்டில் கொழும்பிலிருந்து வந்த பெரிய குடும்பம் ஒன்று இறங்கியது. நானும் தாத்தாவும் எங்கள் வாசல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் எத்தனை பெட்டி கொண்டுவந்தார்கள் என்று பார்த்தோம். இரண்டு வாரம் எப்படிப் போகுமோ என்று பயந்திருந்தேன். மூன்றாம் நாளே என் மிளகாய்த்தூளில் குறை சொல்லத் தொடங்கிவிட்டார், எனக்குப் பயம் போய்விட்டது.

வருஷப்பிறப்பன்று சிவாவுக்கு ஹோட்டலில் காலைச் சாப்பாடு முடிந்து பகல் சாப்பாடு தொடங்குமுன் கொஞ்ச நேரம் கிடைத்தது. வீடு தொலைவில் இருந்தால் அந்த நேரத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை. புது ரோட்டில் நிமலின் த்ரீவீல் வாசல் வரை வந்து அவரை இறக்கியது; நான் சபித்த அதே ரோட்டில்தான். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார். எங்கள் அடுப்பில் பால் பொங்கியது. கவிஷா சத்தம் போட்டுச் சிரித்தாள். இலை போட்டு நான்கு பேரும் உட்கார்ந்தோம். தாத்தா மட்டும் தன் பீங்கானில்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். நாள் முழுக்க நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிற மனிதர், மகளுக்குப் பால்சோற்றை ஊட்டத் தெரியாமல் மூக்கெல்லாம் அப்பினார். நான் அழுதேன். இந்த முறை புகை என்று சொல்லவில்லை, எங்களுடையது காஸ் அடுப்பு.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. முன் வீட்டுக் கொழும்புப் பையன், தலையெல்லாம் சவர்க்கார நுரை. சுடுதண்ணீர் நின்றுவிட்டதாம், வீட்டுக்கார அன்ட்டி யார் என்று கேட்டான். அந்தச் சுடுதண்ணீர்ச் சுவிட்சை எப்படித் தட்டினால் வேலை செய்யும் என்பது இந்த உலகத்தில் தாத்தா ஒருவருக்குத்தான் தெரியும். தாத்தா அசையவில்லை. இன்னொரு கரண்டி பால்சோற்றைத் தன் பீங்கானில் போட்டுக்கொண்டு, விரலால் என்னைக் காட்டினார். "வீட்டுக்காரங்க இவங்கதான், மகன், இவங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் விருந்துக்கு வந்தவ."

மே மாதம் பிறந்ததும் தாத்தா வாடகையைக் கூட்டிவிட்டார் என்றாலும், நுவரெலியாவில் ஒரு சீசன் முழுக்கச் சொந்தக்காரியை விருந்தாளியாக வைத்துச் சோறு போட்ட வாடகைக்காரி வேறு யாராவது இருந்தால் முன்னால் வரட்டும், பார்க்கிறேன்.