வாசற்படி வைக்காத வீடு

எங்கள் பழைய வீட்டு வாசற்படி முழங்கால் உயரம். அய்யாவுக்கு அதில் பெருமை. மழைத்தண்ணீர், பாம்பு, காத்துக்கறுப்பு எதுவும் தாண்டாது என்பார். அக்காவாலும் அதைத் தாண்ட முடியாது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் அவளுடைய இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. ரப்பர் செருப்புகளைக் கைகளில் மாட்டி, தரையில் ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துப் போவாள். வெளியே போவதென்றால் யாராவது தூக்கிவிட வேண்டும். நாங்கள் வயலுக்குப் போன பகல்களில், படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிறகு பாலிடெக்னிக்கில் கட்டடத் துறை படித்தேன். சிக்கல் ஊரிலிருந்து ஏர்வாடி போகும் பாதையில், கடற்காற்று மணலை வாரிக் கொட்டும் ஒரு துண்டு நிலத்தில் அய்யா புது வீடு கட்ட நினைத்தபோது, வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. ஊனமுற்றோருக்கான விதிகள் என்று பாடப் புத்தகத்தில் ஒரு பகுதி இருந்தது. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. வாசலில் இடறும்படி எதுவும் இருக்கக் கூடாது. மூன்றையும் அப்படியே வரைந்தேன்.

வரைபட ஒப்புதலுக்குப் போன பஞ்சாயத்து ஆபீசில் இருந்தவர் சிரித்தார். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் உள்ள சட்டம், சொந்தமாகக் கட்டுகிற வீட்டில் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்றார். அது எனக்கும் தெரியும். யாரும் கேட்காததால்தான் அக்கா அத்தனை வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

கொத்தனாருக்கு வேறு கவலை. "படின்னா லாபம், நட்டம், லாபம்னு எண்ணி லாபத்துல முடிச்சிருவேன். இந்தச் சறுக்க எப்படிலே எண்ணுறது?" என்று கேட்டார். கதவு நிலைக்குப் படியாக நிற்கும் கீழ்க்கட்டை கிடையாது என்றதும் விளையாட்டை விட்டுவிட்டார். "இது வீடா, சாவடியாப்பா? வர்றத யாரு நிப்பாட்டுவா?"

நிலை வைக்கும்போது மஞ்சள் துணியில் நவதானியமும் செப்புக்காசும் முடிந்து கீழ்க்கட்டைக்கு அடியில் புதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டையே இல்லாத நிலையில் அதை எங்கே வைப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அய்யா அந்த முடிச்சை மடியில் செருகிக்கொண்டார்.

பால் காய்ச்சிய அன்று பசு சாய்தளத்தில் தயங்காமல் ஏறிவந்து வாசலில் நின்றுவிட்டது. காதை விறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தது. உள்ளே ஆளில்லை. இழுத்தும் அசையவில்லை. அக்கா செருப்புக் கையை ஊன்றி அதற்கு முன்னால் நுழைந்தாள். யாரும் தூக்காமல் அவள் ஒரு வாசலைத் தாண்டியது அன்றுதான். பிறகு பசுவும் வந்தது. ஆனால் சுவரை ஒட்டி ஒதுங்கி வந்தது, நடுவில் யாருக்கோ வழி விட்டதுபோல.

ஆடிக் காற்று தொடங்கியது. தடுக்கப் படி இல்லாததால் மணல் கூடத்துக்குள் மெல்லிசாகப் பரவிக்கிடக்கும். அக்கா தினமும் தானாக வெளியே போனாள், வந்தாள். மணலில் அவள் தடம் எனக்குப் பழகிவிட்டது. இரு பக்கமும் செருப்பின் வரிகள், நடுவில் உடம்பு இழுபட்ட பட்டை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் நானும் அய்யாவும் சாப்பிட வந்தபோது அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதே இழுவை. ஆனால் வெறும் கைகள், விரல்கள் விரிந்து பதிந்திருந்தன. சாய்தளத்தின் அடியில் தொடங்கி, வாசலைக் கடந்து, கூடத்துச் சுவரோரம் முடிந்தது. அங்கே யாரோ தெருவைப் பார்த்து உட்கார்ந்ததுபோல மணல் அமுங்கியிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. நாடாவை எடுத்து அளந்தேன். அக்காவின் கையைவிடச் சிறிய கை.

அய்யா அடுப்படிக்குப் போய், செருப்பில்லாமல் வெளியே போனாயா என்று அக்காவிடம் கேட்டார்.

"இந்த வெயில்ல சிமிட்டி கொதிக்குதுய்யா. வெறுங்கைய வைக்க முடியுமா?"

அய்யா அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் தடம் இருந்தது. ஏர்வாடி தர்காவுக்குப் போய்க் கயிறு வாங்கிவந்து நிலையில் கட்டினார். அப்படியும் இருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். கடைசியில் அய்யா ஒரு பனங்கட்டையை அளவுக்கு அறுத்துத் தோளில் கொண்டுவந்தார். அதைக் கீழ்ப்படியாகப் பதித்துவிடுவது என்று முடிவு. விதிகளை எடுத்துச் சொன்னேன். அந்த விதியில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று அய்யா கேட்டார்.

அக்கா வந்து, கட்டை வைக்க இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வர்றது யாரோ, அதுக்கும் என்னைய மாதிரித்தேன் காலு இல்ல. வேற வீட்டுக்கு எங்கிட்டுப் போகும்? எல்லா வீட்லயும் படி இருக்கு."

அய்யா கட்டையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"நீங்க கட்டைய வச்சா அது வெளிய ஒக்காந்திருக்கும். நான் உள்ள ஒக்காந்திருப்பேன். அவ்வளவுதான்யா."

பிறகு அடுப்படிக்குப் போய், தேய்ந்து கழித்துப்போட்ட பழைய செருப்பு ஜோடியைத் தேடி எடுத்தாள். சாய்தளத்தில் இறங்கி அதன் அடியில் இரண்டையும் சேர்த்து வைத்தாள். கொதிக்கிற சிமிட்டியில் இத்தனை நாள் எப்படித்தான் வந்ததோ என்று சொன்னாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அய்யா அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு நிலை வைத்த நாளிலிருந்து மடியிலேயே வைத்திருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் மணலைக் கையால் தோண்டிப் புதைத்தார். பனங்கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

மறுநாள் உச்சிக்கு வந்து பார்த்தேன். வெறுங்கைத் தடம் இல்லை. சாய்தளத்திலும் கூடத்திலும் செருப்பு வரிகள் மட்டும், போவதும் வருவதுமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நாடா என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.