மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஊரில் சைரன் என்றால் ஆம்புலன்ஸைச் சொல்லமாட்டார்கள், அதை ஓட்டுகிறவனைத்தான் சொல்வார்கள். அப்படி ஒரு தொண்டை. அவன் வீட்டில் பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கே கேட்கும் என்று அவன் பெண்டாட்டியே கேலி செய்வாள்.

அந்த நாட்டில்தான், பாலத்துக்கு அப்பால், பெரிய ஆஸ்பத்திரி. நம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மலையைச் சுற்றிப் பகல் முழுக்க ஓட வேண்டும். அதுவரை உயிர் காத்திருக்குமா? ஆகவே சைரனும் எதிர்க்கரை ஆம்புலன்ஸ்காரனும் ஒரு வழி கண்டார்கள். பாலத்தின் நடுவில் எல்லையாக ஒரு மஞ்சள் கோடு. இவன் தன் வண்டியைப் பின்னால் நகர்த்திக் கோட்டோரம் நிறுத்துவான், அவனும் அப்படியே. கதவுகள் திறக்கும், ஸ்ட்ரெச்சர் மட்டும் கோட்டைத் தாண்டும்; சைரன் ஒரு நாளும் தாண்டியதில்லை. இரண்டு பக்கக் காவலர்களும் அந்த நேரம் பார்த்து ஆற்றில் மீன் வேடிக்கை பார்ப்பார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. "வரேன் மச்சான்" என்று ஒரு போன், அவ்வளவுதான். எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள், எத்தனை கிழங்கள் பிழைத்துப் போனார்கள்!

நல்லது நடந்தால் நாலு பேர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இதை முறையா ஒப்பந்தம் ஆக்கிடலாம். வண்டியே நேரா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்" என்றார். சைரனுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் நின்று, ஸ்ட்ரெச்சர் கைமாறும் விதத்தை அவனே செய்து காட்டினான்.

எதிர்க்கரைக்காரன் மட்டும் முனகினான். "மேல போன சமாச்சாரம் மேலயே நின்னுடும் மச்சான்."

"போடா, எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!"

ஒப்பந்தம் என்று பேச்சு வந்ததும் பழைய ஏற்பாடு தப்பாகிவிட்டது. கையெழுத்தாகும்வரை யாரும் கோட்டைத் தாண்டக்கூடாதென்று உத்தரவு. தடுப்புக் கட்டை, அதன் தலைக்கு மேல் கேமரா. கூட்டமைப்பின் விதியோ, எல்லா நாடும் வந்தால்தான் மாநாடு, மாநாட்டில்தான் கையெழுத்து. எங்கேயோ இரண்டு நாடுகளுக்குள் ஒரு தீவுத் தகராறு. ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டாராம். மாநாடு தள்ளிப்போனது. அந்தத் தீவுக்கும் இந்த ஆற்றுக்கும் என்னய்யா சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு அதற்கு ஒற்றுமை என்று பெயரும் வைத்துவிட்டார்கள் பாவிகள்.

ஒரு மத்தியானம், துணி உலர்த்திக்கொண்டிருந்த சைரனின் பெண்டாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சைரன் போன் போட்டான். பாலத்தை அடைந்தபோது எதிர்க்கரை வண்டி முன்னாலேயே வந்து, கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தது. நடுவில் கட்டை.

"தூக்குடா!"

"கேமரா இருக்குண்ணே. மேல கேட்டிருக்கேன், பதில் வரட்டும்ணே." காவலன் அழாத குறை.

"உன் அண்ணிடா! அவ கையால எத்தனை தடவ சாப்பிட்டிருக்க!"

கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கரைக்காரன் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதீங்க. அந்த நாட்டுக்கே கேக்குது" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். மேலேயிருந்து பதில் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

தீவுக்குச் சண்டை போட்டவர்கள் அப்புறம் ராசியாகிவிட்டார்கள். கட்டித் தழுவிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மாநாடு நடந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலத்தில் திறப்புவிழா. முதல் வண்டியை நீதான் ஓட்ட வேண்டும் என்று சைரனிடம் அதே அதிகாரி வந்து சொன்னார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். இனி வரப்போகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஏறி உட்கார்ந்தான்.

ரிப்பனை வெட்டினார்கள். நோயாளி இல்லாத வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டியது, பாலத்தை விட்டு இறங்கியது, ஒரு வளைவு திரும்பியது. ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. இன்னும் போக வேண்டியிருக்கும் என்று நினைத்து அவன் கியரை மாற்றக் கை வைத்திருந்தான்.

எதிர்க்கரைக்காரன் ஓடி வந்து, பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தான். வெறும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடி, முன்பக்கம் வந்தான்.

"இறங்கு மச்சான்."

சைரன் ஸ்டியரிங்கை விடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்க மற்றவன் ஜன்னலுக்குள் தலையை விட வேண்டியிருந்தது.

"இவ்ளோ கிட்டயாடா?"