போர்வை போர்த்திய கதிரைகள்

அம்மாவின் நினைவுநாளுக்குச் சரவணைக் கிராமத்தில் ஒரு மண்டபம் எடுத்து வயலின் வாசித்தேன். ஒலிபெருக்கி பூட்டவும் பதிவுசெய்யவும் ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நெட்டையான, கதை பேச்சுக் குறைந்த மனிதர். ஸ்பீக்கர்களைச் சுற்றிக் கொண்டுவந்த பழைய போர்வைகளை உதறி, வெறும் கதிரைகளில் ஒவ்வொன்றாக விரித்தார்.

“என்னண்ணை செய்யிறியள்?”

“வெறும் மண்டபமெண்டா சத்தம் சுவரிலை பட்டுத் திரும்பி வரும், தங்கச்சி. ஆக்கள் இருந்தா அடங்கும். அதுவரைக்கும் இது. ஆக்கள் வர வர எடுத்திடுவன்.”

எங்கள் சொந்தம் முக்கால்வாசியும் வெளிநாட்டில். வந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களுக்காக நாலைந்து போர்வைகளை மடித்துவைத்துவிட்டு அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “தொடங்குங்கோ” என்றார்.

அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையைக் கடைசியாக எடுத்தபோது, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். முன்வரிசையில் இன்னொரு போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையில் இருந்தார்.

பதிவைக் கேட்டுவிட்டுத் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

“நல்லாக் கேக்குது அக்கா. மண்டபம் நிறையச் சனமோ?”

“ஓம்” என்றேன்.